ஜப்பானியக் காளான் பாஸ்தா வீட்டில் ஏன் நூடுல்ஸாகிப் போகிறது?

வாசகர் கேள்வி, 2023 அக்டோபர் 7

கணவர் வேலைக்காக யோகோஹாமாவில் இருந்தபோது சாப்பிட்ட காளான் வஃபூ பாஸ்தாவின் (ஜப்பானியப் பாணிப் பாஸ்தா) ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. இப்போது சென்னைக்குத் திரும்பிவிட்டோம். வீட்டில் செய்தால் ஹக்கா நூடுல்ஸ்தான் வருகிறது. கறுத்துப் போகிறது, உப்புக் கரிக்கிறது, காளான் தண்ணீர் விட்டுக்கொண்டு சவசவ என்று கிடக்கிறது. நல்ல ஜப்பானிய சோயா சாஸ் கிடைக்காததுதான் காரணம் என்று நினைக்கிறேன். சரியா?

அக்டோபர் 7, இரவு

பாட்டிலை விடுங்கள், அளவைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் கறுப்பும் கரிப்பும் சோயா சாஸ் அதிகமானதால் வருவது. இந்தப் பாஸ்தாவில் சோயா சாஸ் உப்புக்காகப் போடுவதில்லை, வாசனைக்காகப் போடுவது. நம் வீட்டில் பெருங்காயம் எப்படியோ அப்படி. உப்பு பாஸ்தா வேகும் தண்ணீரிலிருந்து வரவேண்டும், ருசி காளானிலிருந்து வரவேண்டும், வழவழப்பு வெண்ணெயிலிருந்தும் பாஸ்தா வெந்த தண்ணீரிலிருந்தும் வரவேண்டும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் கை தானாக சோயா பாட்டிலைத் தேடும், அங்கேதான் நூடுல்ஸ் ஆகிறது.

கணக்கும் சொல்கிறேன். சாதாரண ஜப்பானிய சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் (15 மி.லி.) ஏறக்குறைய 2.6 கிராம் உப்பு இருக்கிறது. பாஸ்தாவும் உப்புத் தண்ணீரில் வெந்து வருகிறது. ஆளுக்கு 100 கிராம் பாஸ்தா என்றால் ஒன்றரைத் தேக்கரண்டி சோயா போதும், அதாவது இரண்டு பேருக்கு ஒரு மேசைக்கரண்டி. பார்த்தால் போதாது என்றுதான் தோன்றும், போதும்.

அக்டோபர் 8, காலை

காளானைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், ஏனென்றால் முக்கால்வாசித் தப்பு அங்கேதான் நடக்கிறது.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் போகாமல் அது சிவக்காது, சிவக்காமல் ருசி வராது. அம்மா உருளைக்கிழங்கையோ வாழைக்காயையோ வதக்கும்போது "நல்லா சுண்டட்டும்" என்பாரே, அந்தச் சுண்டல்தான் இங்கேயும். அகலமான வாணலி, நடுத்தீக்குச் சற்று மேல், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், காளானை ஒரே அடுக்காகப் பரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். கிளறக்கூடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் அடிப்பக்கம் பழுப்பாகும், அப்புறம் ஒரு புரட்டு, மறுபடியும் சும்மா இருக்கவேண்டும். உப்பு ஆரம்பத்தில் போடாதீர்கள், போட்டால் தண்ணீரை முன்கூட்டியே இழுத்துவிட்டுவிடும். சிவந்த பிறகு போடலாம்.

கழுவவும் வேண்டாம். ஜப்பானில் கடையில் விற்கும் ஷிமேஜி, எனோக்கி, எரிங்கி எல்லாம் மரத்தூளும் தவிடும் அடைத்த பிளாஸ்டிக் பாட்டில்களில், கூடத்துக்குள்ளே வளர்ந்தவை. மண் என்பதே கிடையாது. அடிக்கட்டையை மட்டும் வெட்டினால் போதும். நம் ஊர்ச் சிப்பிக்காளானும் பைகளில் வளர்ப்பதுதான், ஈரத்துணியால் துடைத்தால் சரி. மொட்டுக்காளானில் மேலே கறுப்பாக மண் ஒட்டியிருந்தால் சட்டென்று அலசி, உடனே துடைத்துவிடுங்கள்.

கத்தியைவிடக் கை நல்லது. ஷிமேஜியையும் மைதாக்கேவையும் பிய்த்துப் போட்டால் ஓரங்கள் சொரசொரப்பாக இருக்கும், சாறு அதில் நின்று பிடிக்கும்.

அக்டோபர் 8, இரவு

"அளவு சொல்லுங்கள், கதை வேண்டாம்" என்று ஒருவர். சரி, நான் செய்யும் அளவு, இரண்டு பேருக்கு.

1.6 மி.மீ. ஸ்பகெட்டி 200 கிராம். காளான் மொத்தம் 250 முதல் 300 கிராம், குறைந்தது இரண்டு வகை. நான் ஷிமேஜி ஒரு பொட்டலம், மைதாக்கே ஒரு பொட்டலம், ஷிடாக்கே மூன்று நான்கு எடுப்பேன். பூண்டு ஒரு பல், நசுக்கியது. சாக்கே என்ற அரிசி மது இரண்டு மேசைக்கரண்டி, மதுவகை வேண்டாதவர்கள் விட்டுவிடலாம், அந்த இடத்தில் பாஸ்தா தண்ணீர். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி. வெண்ணெய் 20 கிராம். கோம்புத் தூள் அரைத் தேக்கரண்டி. மேலே தூவ ஷிசோ என்ற வாசனை இலை, நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாள்.

இரண்டு லிட்டர் தண்ணீருக்கு 16 கிராம் உப்பு. இத்தாலிய முறையில் ஒரு விழுக்காடு, சிலர் அதற்கும் மேலே போடுவார்கள். பின்னால் சோயாவும் கோம்பும் வரப்போவதால் நான் 0.8 விழுக்காட்டில் நிறுத்திக்கொள்கிறேன். பாஸ்தாவைப் பொட்டலத்தில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்துவிடவேண்டும். வெந்த தண்ணீரை ஒரு குவளை எடுத்து வையுங்கள், கொட்டிவிட்டால் எல்லாம் போச்சு.

காளான் சிவந்ததும் பூண்டு, அது வாசனை வந்ததும் சாக்கே, அது ஆவியானதும் சோயா சாஸை நடுவில் ஊற்றாமல் வாணலியின் ஓரத்தில் வட்டமாக விடவேண்டும். சூடான இரும்பில் பட்டு ஒரு கணம் சுர்ரென்று பொரியும், அந்தக் கருகல் வாசனையைத்தான் நீங்கள் யோகோஹாமாவில் சாப்பிட்டீர்கள். உடனே கோம்புத் தூள், 80 முதல் 100 மி.லி. பாஸ்தா தண்ணீர், பாஸ்தா. ஒரு நிமிடம் தூக்கிப் புரட்டுங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் வெண்ணெய். வெண்ணெயை ஆரம்பத்திலேயே போட்டால் அதில் இருக்கும் பால் பகுதி கருகிக் கசக்கும், சாறும் சேர்ந்து கட்டாமல் எண்ணெய் தனியாகப் பிரியும். கடைசியில் போட்டு வேகமாகப் புரட்டினால் மாவுத் தண்ணீரோடு கலந்து பளபளவென்று நூலில் ஒட்டும்.

அக்டோபர் 9

இதை நேற்றே எழுதியிருக்கலாம்: கோம்புத் தூள் என்றால் கோம்புக் கடற்பாசியைப் பொடித்து உப்பு சேர்த்து, வெந்நீரில் கலக்கிக் குடிப்பதற்காக விற்பது. வெளிநாட்டுக் கடைகளில் ஏறக்குறைய அதே பெயரில், கொம்புச்சா என்று, புளிக்கவைத்த ஒரு தேநீர் பாட்டிலில் வருகிறது. அது வேறு, அதை வாங்கிவிடாதீர்கள். தூளில் ஏற்கெனவே உப்பு உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அக்டோபர் 11

"கோம்பு இல்லாமல் செய்யமுடியாதா" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முடியும், ஆனால் எதை இழக்கிறோம் என்று தெரிந்துகொண்டு இழக்கலாம்.

1908-இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் இகேடா கிகுனாயே கோம்பு வடிநீரிலிருந்து குளூட்டமேட் என்ற சுவைப்பொருளைப் பிரித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913-இல் அவருடைய மாணவர் கோடாமா ஷின்டாரோ, கட்சுவோபுஷி என்னும் காய்ந்த சூரைமீனில் இனோசினேட்டைக் கண்டார். மூன்றாவது, நமக்கு வேண்டியது, குவானிலேட்: 1950களின் கடைசியில் குனினாக்கா அகிரா அதன் சுவையைக் கண்டறிந்தார், காய்ந்த ஷிடாக்கேயில் நிறைய இருப்பது அதுதான். அவர் காட்டிய இன்னொன்றுதான் சமையல்காரருக்கு முக்கியம். குளூட்டமேட்டும் குவானிலேட்டும் ஒன்றாக நாக்கில் பட்டால் சுவை கூடுவதில்லை, பெருகுகிறது. கோம்பும் காளானும் சேர்ந்தால் நடப்பது இதுதான். அரைத் தேக்கரண்டித் தூள் இவ்வளவு வேலை செய்வதற்குக் காரணமும் இதுதான். சோயா சாஸிலும் குளூட்டமேட் உண்டு, அதோடு உப்பும் நிறைய வருகிறது. அதனால் அதை ஊற்றி ஊற்றிச் சுவையைக் கூட்டப்பார்த்தால் நாக்கு முதலில் கரிப்பைத்தான் பிடிக்கும்.

தூள் கிடைக்காவிட்டால் காய்ந்த ஷிடாக்கே இரண்டைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, இரவு முழுதும் குளிர்பெட்டியில் ஊறவிடுங்கள். வெந்நீர் ஊற்றி அவசரப்படுத்தவேண்டாம். குவானிலேட் உருவாவது ஊறும்போது அல்ல, ஊறியதைச் சூடாக்கும்போது, 60, 70 டிகிரி வட்டாரத்தில். குளிரில் ஊறினால் கசப்பும் குறைவு. ஊறிய தண்ணீரைப் பாஸ்தா தண்ணீரோடு பாதிக்குப் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த ஷிடாக்கே அதிகம் விளைவது க்யூஷுத் தீவின் ஓயிதா மாவட்டத்தில். குடை விரியாத தடித்த வகை டோங்கோ, விரிந்து மெல்லியதாக இருப்பது கோஷின். பாஸ்தாவுக்குக் கோஷினே போதும், சீக்கிரம் ஊறும், விலையும் குறைவு.

அக்டோபர் 14

மழை, வெளியே போகவில்லை, கொஞ்சம் கதை பேசலாம்.

"பாஸ்தாவில் சோயா சாஸா, இத்தாலிக்காரன் கேட்டால் என்ன சொல்வான்" என்று ஒருவர் கோபப்பட்டிருந்தார். இது எழுபது வருடத்துக் கதை. 1953-இல் டோக்கியோவின் தமுராசோவில் கபே நோ அனா என்ற சின்ன ஸ்பகெட்டிக் கடை திறந்தது, பிறகு ஷிபுயாவுக்குப் போனது. நடத்தியவர் நருமாட்சு தகயாசு. ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் இசைக்குழுவில் ஹார்ன் வாசித்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த காவியார் என்ற விலையுயர்ந்த மீன்முட்டையைக் கொடுத்து, இதை ஸ்பகெட்டியில் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டதாகவும், ருசி அபாரமாக இருந்தாலும் அந்த விலைக்குக் கடையில் விற்கமுடியாது என்பதால் உப்பிட்ட மீன்முட்டையான தராக்கோவைப் போட்டுப் பார்த்ததாகவும் சொல்வார்கள். தராக்கோ ஸ்பகெட்டி அப்படிப் பிறந்தது. அந்தக் கடையின் கைப்பக்குவம் என்று இன்றும் பேசப்படுவது கோம்புத் தூள்தான். மீன்முட்டைக்கு அடுத்து நட்டோ என்ற புளித்த சோயா, ஷிசோ, காளான் என்று கையில் கிடைத்ததெல்லாம் தட்டுக்கு வந்தது.

அதற்கு முன்பே யோகோஹாமாவின் ஹோட்டல் நியூ கிராண்டில், போர் முடிந்த காலத்தில், நப்போரித்தான் என்ற தக்காளி ஸ்பகெட்டி பிறந்துவிட்டது. இரியே ஷிகேதாடா என்ற தலைமைச் சமையல்காரர் தக்காளிச் சாற்றில் செய்தது. ஊரெல்லாம் பரவும்போது தக்காளிக்குப் பதில் கெச்சப் ஆனது. 1955 வாக்கில் உள்நாட்டிலேயே பெரிய அளவில் ஸ்பகெட்டி செய்யத் தொடங்கிய பிறகு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. இன்றைக்குச் சில பாஸ்தாக் கடைகளில் முள்கரண்டி கேட்டால்தான் வரும், மேசையில் இருப்பது குச்சிதான். கோபப்பட்டவருக்கு என் பதில், இது இத்தாலிய உணவின் நகல் அல்ல, ஜப்பானியர்கள் தங்கள் வீட்டுச் சரக்கை வைத்துச் செய்துகொண்ட உணவு. அதைச் செய்யும்போது அவர்கள் நாக்கைத்தான் கேட்கவேண்டும்.

அக்டோபர் 15

சைவர்கள் கட்டாயம் படிக்கவேண்டியது. இது எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டது.

நாங்கள் இருப்பது டோக்கியோவின் நிஷிகசாயில், இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி. தஞ்சாவூரிலிருந்து அம்மா வந்து எங்களோடு தங்கியிருந்தபோது, காளான் பாஸ்தாதானே, சைவம்தானே என்று வெளியே கூட்டிப்போனோம். தட்டு வந்ததும் மேலே மெல்லிய சீவல் ஆவியில் நெளிந்து ஆடுகிறது, கட்சுவோபுஷி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு தண்ணீர் குடித்தார். பெயரில் காளான் இருந்தால் போதாது. மேலே தூவாவிட்டாலும் சாறில் டாஷி என்ற ஜப்பானிய வடிநீர் இருக்கும், அதில் மீன் இருக்கும். சிலர் பன்றி பேக்கனும் சேர்ப்பார்கள்.

வீட்டிலும் கவனம். குறுக்குவழியாக எல்லோரும் ஊற்றும் மென்ட்சுயு என்ற பாட்டில் சாற்றில் பெரும்பாலும் கட்சுவோ உண்டு. டாஷிக் குருணையிலும் உண்டு. கடையில் விற்கும் காளான் பாஸ்தாப் பொட்டலச் சாஸ்களிலும் மீன் சாறு அடிக்கடி இருக்கிறது. பின்பக்கம் பொருள் பட்டியலில் மீன் சாறு இருக்கிறதா என்று படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். கோம்புடாஷி, ஷிடாக்கேடாஷி என்று மட்டும் போட்டவை தனியாகக் கிடைக்கின்றன. பௌத்த மடங்களின் ஷோஜின் சமையல் காலங்காலமாக இந்த இரண்டையும் வைத்துத்தான் நடக்கிறது, மீன் இல்லாததால் ருசி குறையுமோ என்ற பயம் வேண்டாம்.

அடுத்த நாள் நான் வீட்டில் செய்து கொடுத்தேன். காளான் சுண்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் விடு" என்றார். விட்டேன். அவர் சொன்ன அந்தக் கூடுதல் இரண்டு நிமிடத்தை இப்போதும் விடுகிறேன். சாப்பிடும்போது மிளகு கேட்டார், கரகரப்பாகப் பொடித்துப் போட்டேன், பொருத்தமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 19

சென்னைக்காரர்களுக்கு. ஷிமேஜியைத் தேடி விலைகூடிய கடைகளுக்கு அலையவேண்டாம். நம் சிப்பிக்காளான் இந்த உணவுக்கு அந்நியமே இல்லை. ஜப்பானில் அதன் நெருங்கிய இனம் ஹிராதாக்கே, ஒரு காலத்தில் கடைகளில் அதையேதான் ஷிமேஜி என்று பெயர் ஒட்டி விற்றார்கள். எரிங்கியும் அதே சிப்பிக் குடும்பம். ஆகவே சிப்பிக்காளானை நார் வாட்டத்தில் பிய்த்து நன்றாகச் சுண்டவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பால் காளான் கிடைத்தால் இன்னும் நல்லது, கெட்டியான சதை, தண்ணீர் குறைவாக விடும். தண்டைத் தூக்கி எறியாமல் தடியாக நறுக்கிச் சிவக்கவையுங்கள். மொட்டுக்காளான் மட்டும் வைத்துச் செய்தால் வாசனை கொஞ்சம் தட்டையாக இருக்கும், அதோடு காய்ந்த ஷிடாக்கே இரண்டு சேர்த்துவிடுங்கள். இரண்டு வகை என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். ஒன்று வாசனைக்கு, ஒன்று கடிபடுவதற்கு.

ஷிசோவுக்குப் பதில் துளசி போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், வாசனை வேறு பக்கம் இழுக்கும். வெங்காயத்தாளைப் பொடியாக அரிந்து, எலுமிச்சைத் தோலை ஒரு சிட்டிகை துருவிப் போடுங்கள். தோலின் வெள்ளைப் பகுதி வரக்கூடாது. நோரி இப்போது சென்னையிலும் கிடைக்கிறது, கத்தரியால் மெல்லிய நூலாக வெட்டி, தட்டு மேசைக்கு வந்த பிறகு போடுங்கள். முன்பே போட்டால் நமத்துப்போகும்.

அக்டோபர் 20

முதல் நாள் "பாட்டிலை விடுங்கள்" என்று எழுதியதை இன்று கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் கேள்வி கேட்டவர் தன் பாட்டிலின் படத்தை அனுப்பியிருந்தார். அது சீனச் சமையலுக்கான டார்க் சோயா, நிறத்துக்கு கேரமல் சேர்த்தது. அதை ஒரு தேக்கரண்டி விட்டாலே பாஸ்தா கறுத்துவிடும். அளவு முதல் காரணம் என்பது அப்படியே நிற்கிறது, ஆனால் இந்த பாட்டிலில் அளவைக் குறைத்தாலும் நிறம் போகாது. சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் இவ்வளவுதான் பட்டியலில் இருக்கவேண்டும், புளிக்கவைத்துச் செய்ததாக இருக்கவேண்டும். எந்த நிறுவனம் என்பது அப்புறம்.

ஹ்யோகோ மாவட்டத்துத் தட்சுனோவில் புகழ்பெற்ற உசுக்குச்சி என்ற வெளிர் நிற சோயாவும் உண்டு. நிறம்தான் குறைவு, உப்பு கூடுதல், 18 விழுக்காட்டைத் தாண்டும். சாதாரணத்தில் 16 வாக்கில்தான். கிரீம் சேர்த்துச் செய்யும்போது வெள்ளையாக வரவேண்டும் என்றால் அதைப் பயன்படுத்தலாம். அளவை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 22

காளானை வதக்குவதில் இன்னொரு வழியைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார், எண்ணெய் இல்லாமல் முதலில் கால் குவளைத் தண்ணீர் ஊற்றி மூடி வேகவைத்து, தண்ணீர் வற்றியபின் எண்ணெய் விடுவது. கேட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரைத் துரத்தும் வேலையில் இன்னும் தண்ணீரா? செய்துபார்த்தேன், நன்றாகத்தான் வருகிறது. முதலில் வெந்து சுருங்கிவிடுவதால் காளான் எண்ணெயைக் குடிப்பதில்லை, அரைக் கரண்டி எண்ணெயிலேயே சிவக்கிறது. வெந்தால் குழைந்துவிடாதா என்ற பயமும் தேவையில்லை. காய்கறி வேகவேக மெத்தென்று ஆவதற்குக் காரணம் அதன் செல்சுவர் இளகுவது. காளானின் சுவரில் இருப்பது கைட்டின், அது சமையல் சூட்டில் கரையாது. பத்து நிமிடம் கூடுதலாக வெந்தாலும் கடிபடும்.

சின்ன வாணலி மட்டும் இருப்பவர்களுக்கு, காளான் குவிந்துகிடக்கும் நிலையில், இந்த முறை நான் முதலில் சொன்னதைவிட நல்லது. அகல வாணலி இருந்தால் எனக்கு இன்னும் பழைய வழிதான். ஓரங்கள் மொறுமொறுவென்று வருவது அதில்தான் அதிகம்.

எனோக்கியை மட்டும் இரண்டு முறையிலும் கடைசியில் போடுங்கள். அது லேசான வழவழப்பை விடும், சாறு கெட்டிப்படும். வெண்ணெய் குறைவாகப் போட விரும்புகிறவர்கள் அரைக் கட்டு எனோக்கியைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தால் அந்தக் குறை தெரியாது.

அக்டோபர் 28

சீஸ் பிரச்சினை. "பார்மசான் இல்லாத பாஸ்தாவா" என்று கேட்கிறார்கள். பார்மசானிலும் குளூட்டமேட் ஏராளம், காளானோடு சேரும், அதில் சந்தேகமில்லை, ஜப்பானிலும் போடுகிறவர்கள் உண்டு. நான் போடுவதில்லை. சீஸ் வந்துவிட்டால் ஷிசோவும் நோரியும் எலுமிச்சைத் தோலும் காணாமல் போய்விடுகின்றன, கருகிய சோயா வாசனையும் அடங்கிவிடுகிறது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்ததை ஏன் மூடவேண்டும்? காரம் வேண்டுமென்றால் யூசு கோஷோ (யூசு எலுமிச்சைத் தோலும் மிளகாயும் அரைத்த விழுது) கால் தேக்கரண்டி, அல்லது ஷிச்சிமி என்ற மிளகாய்ப் பொடிக் கலவை தூவுங்கள்.

கிரீம் வகைக்கு: வெண்ணெயைப் பாதியாக்கி 100 மி.லி. கிரீம். சோயாப்பால் என்றால் தீயை நன்றாகக் குறைத்துவிட்டு ஊற்றவேண்டும், கொதித்தால் திரிந்துவிடும்.

நவம்பர் 3

மைதாக்கே பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. அதில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. ஜப்பானில் சவான்முஷி என்ற முட்டைக் கூழை ஆவியில் வைக்கும்போது பச்சை மைதாக்கே போட்டால் முட்டை உறையவே உறையாது. முன்பே நன்றாக வெந்திருந்தால் சிக்கலில்லை. பாஸ்தா மேல் அரைவேக்காட்டு முட்டை உடைத்துவிடும் பழக்கமுள்ளவர்களும் பயப்படவேண்டாம், காளான் ஏற்கெனவே வெந்துவிட்டது. இன்னொன்று, மைதாக்கேயின் கறுப்புச் சாயம் சாற்றில் இறங்கும். சாறு கறுத்தால் சோயா அதிகம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள், நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஷிடாக்கேவை அரைவேக்காடாகச் சாப்பிடக்கூடாது. சிலருக்கு அடுத்த ஓரிரு நாளில் உடம்பில் கோடு கோடாகத் தடித்து அரிக்கும், மருத்துவர்கள் நன்றாக அறிந்த ஒவ்வாமை. முழுதும் வெந்தால் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை.

கொடைக்கானல் பக்கம் மழைக்காலத்தில் காட்டுக்காளான் பறித்துச் செய்யப்போவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். ஜப்பானில் தலைமுறை தலைமுறையாகக் காளான் பறிக்கிறவர்களே த்சுக்கியோதாக்கே என்ற நச்சுக்காளானை ஷிடாக்கே, ஹிராதாக்கே என்று எண்ணிச் சாப்பிட்டு மருத்துவமனைக்குப் போகிறார்கள். அங்கே காளான் நஞ்சுக்கு முதன்மைக் காரணமே அதுதான். கடையில் வளர்ப்புக்காளான் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும்போது இந்தத் துணிச்சல் தேவையில்லை.

நவம்பர் 5

மட்சுதாக்கே என்ற காளான் போட்டுச் செய்தால்? செம்பைன் வேரோடு ஒட்டி வாழ்வது, இன்னும் பண்ணையில் வளர்க்க வழி பிடிபடாதது, விலை அதற்கேற்ப. வெண்ணெயும் பூண்டும் அதன் வாசனையை அமுக்கிவிடும். கிடைத்தால் அரிசியோடு சேர்த்துச் சோறாக்குங்கள், பாஸ்தாவில் வீணாக்காதீர்கள்.

நவம்பர் 5, சற்று நேரம் கழித்து

உறையவைப்பது பற்றி. காளானைப் பிய்த்துப் பையில் போட்டு உறையவைத்தால் செல்கள் உடைந்து சாறு எளிதில் வெளியே வரும், இங்கே வீடுகளில் பரவலான பழக்கம். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடவேண்டும், பனி இளகவிடாமல் அப்படியே வாணலிக்குப் போகவேண்டும். ஆனால் அது நிறையத் தண்ணீர் விடும், பச்சையாக வாங்கியது போல் சிவக்காது. ஆகவே உறைந்ததைச் சாறு தளும்பும் சூப் ஸ்பகெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வறட்டிச் செய்யும் நம் பாஸ்தாவுக்குப் புதிதே சரி. பாதிப் பாதியும் செய்யலாம், புதியதைச் சிவக்கவைத்தபின் உறைந்ததைச் சேர்த்தால் சாறும் வரும், மொறுமொறுப்பும் நிற்கும். எனக்கு இப்போது இதுதான் பிடித்திருக்கிறது.

நவம்பர் 12

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். சிப்பிக்காளானும் காய்ந்த ஷிடாக்கேயும், கோம்பு இல்லாமல், புதிய சோயா பாட்டில். நிறமும் உப்பும் சரியாக வந்ததாம், மகிழ்ச்சி. நான்கு பேருக்குச் செய்தபோது மட்டும் காளான் மறுபடி தண்ணீர் விட்டதாகவும், பரிமாறுவதற்குள் பாஸ்தா காய்ந்து ஒட்டிக்கொண்டதாகவும் சொல்கிறார்.

நான்கு பேருக்கு என்றால் காளானை இரண்டு தடவையாக வதக்கி ஒரு தட்டில் எடுத்துவைத்துவிடுங்கள். இதைப் பாஸ்தா வேகப்போடுவதற்கு முன்பே முடித்துவிடலாம். அப்புறம் பாஸ்தாவையும் இரண்டு பங்காகவே புரட்டுங்கள். 400 கிராமை ஒரே வாணலியில் புரட்ட வீட்டு அடுப்புச் சூடு போதாது, சோயா பொரிவதற்குப் பதில் கொதிக்கும். காய்ந்துபோவதற்கு, பாஸ்தா தண்ணீரை நான் சொன்ன அளவைவிட ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி கூடுதலாக விட்டு, வாணலியில் இருக்கும்போது சற்றுத் தளர்வாகவே நிறுத்துங்கள், தட்டுக்குப் போனபின் பாஸ்தா மேலும் இழுத்துக்கொள்ளும். வெண்ணெயை இரண்டு பங்குக்கும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். முதல் பங்கைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதைப் புரட்டுங்கள்.